லிங்கன் பிறக்காத வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுலா அறிவிப்பு வந்தது. ஒரு பேருந்து, இரண்டு வேன், மதியச் சாப்பாடு அவரவர் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வது, இடம் கென்டக்கி மாநிலத்தின் ஹாட்ஜன்வில். எல்லாம் சரி. அறிவிப்பின் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: "ஆபிரகாம் லிங்கன் பிறந்த மரக்குடிசையை நம் குழந்தைகள் நேரில் காணலாம்!" அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

காண முடியாது. அங்கே நிற்கிற குடிசையில் லிங்கன் பிறக்கவில்லை. இதை நான் துப்பறிந்து சொல்லவில்லை. அந்த இடத்தைப் பராமரிக்கிற தேசியப் பூங்காத் துறையே அதை 'அடையாளக் குடில்' என்றுதான் குறிப்பிடுகிறது.

உடனே சுற்றுலாவை ரத்து செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் என் மகளே என்னோடு பேசமாட்டாள். கட்டாயம் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவோம். அந்த மரக்கட்டைகளுக்கு என்று தனியாக ஒரு கதை இருக்கிறது. லிங்கன் அங்கே பிறந்தார் என்ற கதையைவிட அது சுவையானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சுப்போட்டியில் என் மகள் "அந்த வீடு அவர் பிறந்த வீடு அல்ல" என்று பேசி, "உண்மைக்கு மாறான தகவல்" என்ற குறிப்போடு மதிப்பெண் இழந்தாள். எந்த ஊர்ப் போட்டி, யார் நடுவர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த மூன்று மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்டு நான் எழுதவில்லை. (அவள் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.)

கதைக்கு வருகிறேன். 1808 டிசம்பரில் தாமஸ் லிங்கன் என்ற தச்சர் 300 ஏக்கர் நிலம் வாங்கினார். கையில் கொடுத்தது 200 டாலர், அதோடு நிலத்தின் மேலிருந்த சிறு கடன் ஒன்றையும் ஏற்றுக்கொண்டார். நிலத்துக்குள் ஒரு சுனை இருந்தது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து நீர் வந்து, அப்படியே கீழே ஒரு குழிக்குள் இறங்கி மறைந்துவிடும். அதனால் 'மூழ்கும் சுனைப் பண்ணை' என்று பெயர். அங்கே ஒரு மரக்குடிலில் 1809 பிப்ரவரி 12 அன்று இரண்டாவது குழந்தை பிறந்தது. அக்காள் சாரா ஏற்கெனவே இருந்தாள். பட்டா தகராறு வந்து, இரண்டே ஆண்டில் குடும்பம் கிளம்பிப் பத்து மைல் தள்ளி நாப் கிரீக் என்ற ஓடைக்கரைக்குப் போய்விட்டது. நம் ஊரில் பத்திரத்தில் வில்லங்கம் என்றால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அதே பாடுதான். 1816 கடைசியில் கென்டக்கியையே விட்டு இந்தியானாவுக்குப் போனார்கள்.

லிங்கனுக்கே பிறந்த இடத்தின் நினைவு கிடையாது. 1860-ல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் முதல் நினைவுகள் நாப் கிரீக்கைப் பற்றியவை, ஆனால் தான் அங்கே பிறக்கவில்லை என்கிறார். பிறந்த குடிலைக் குறித்து வைக்கவோ பாதுகாக்கவோ அன்று எவருக்கும் காரணம் இருக்கவில்லை. காட்டோரத்தில் ஆயிரக்கணக்கில் நின்ற குடில்களில் அதுவும் ஒன்று.

இனி மரக்கட்டைகளின் கதை. லிங்கன் கொல்லப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1894-ல், நியூயார்க்கில் உணவகங்கள் நடத்திய ஆல்ஃபிரட் டென்னட் என்பவர் அந்தப் பண்ணையில் 110 ஏக்கரை வாங்கினார். சுற்றுலா இடமாக்கிக் காசு பார்க்கலாம் என்பது எண்ணம். நிலம் இருக்கிறது, சுனை இருக்கிறது, வீடு இல்லை. வீடு இல்லாமல் பிறந்த இடம் என்று சொன்னால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அவருடைய முகவராக இருந்த ஜேம்ஸ் பிகம் என்ற போதகர், பக்கத்து நிலத்துக்காரரிடமிருந்து இரண்டு மாடி மரவீடு ஒன்றை 1895-ல் விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில் லிங்கன் குடிலின் பழைய கட்டைகள் இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு. அதைப் பிரித்துக் கொண்டுவந்து சுனைக்கு அருகில் ஒரு குடிலாகக் கட்டினார்கள். லிங்கன் பிறந்தது ஒரு மரக்குடிலில்தானே, எந்தக் குடிலாக இருந்தால் என்ன என்ற தோரணையில் பிகம் பேசியதாக ஒரு கதை உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, செய்தது அதைத்தான்.

கூட்டம் வரவில்லை. பண்ணைக்கு ஆள் வராவிட்டால் என்ன, குடிலை ஆட்களிடம் கொண்டுபோவோம் என்று மறுபடி பிரித்தார்கள். 1897-ல் நாஷ்வில் பொருட்காட்சியில் அது நின்றது. தனியாக அல்ல. பக்கத்திலேயே ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு குடில். உள்நாட்டுப் போரில் லிங்கனை எதிர்த்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபர்தான் டேவிஸ். அவரும் கென்டக்கிக்காரர்; லிங்கனுக்கு எட்டு மாதம் மூத்தவர். வாழும்போது நேருக்கு நேர் நின்ற இருவரின் தொட்டில்களையும் அக்கம்பக்கமாக வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். பிறகு 1901-ல் பஃபலோ பொருட்காட்சி. பிரிப்பதும் ஏற்றுவதும் இறக்குவதும் மாட்டுவதுமாக அலைந்ததில், இரண்டு குடில்களின் கட்டைகளும் ஒன்றோடொன்று கலந்துபோனதாகச் சொல்கிறார்கள். கடைசியில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், காலேஜ் பாயின்ட் என்ற இடத்தில் ஒரு பழைய மாளிகையின் நிலவறையில் குவியலாகக் கிடந்தன.

இங்கே நிறுத்தி, வீடு எப்படி இப்படி ஊர் ஊராகப் போக முடிந்தது என்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் அங்கே போனதும் கேட்கப்போகிற கேள்வி அதுதான்.

போன கோடையில் என் அப்பா காரைக்குடியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். வாழ்நாளெல்லாம் மரவேலை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பிரித்து விற்கத் தொடங்கிய காலத்தில், தூணையும் உத்தரத்தையும் நிலையையும் சேதமில்லாமல் இறக்கிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து 'லிங்கன் லாக்ஸ்' விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். (அந்த விளையாட்டை உருவாக்கியவர் ஜான் லாயிட் ரைட், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன்.) அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆத்தா, இதுல வாய் சரியில்லை, சும்மா உக்காந்திருக்கு, பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். (வாய் என்பது கட்டையோடு கட்டை கோக்கிற வெட்டு.)

நான்கு கேரட்டை எடுத்து நான்கு பக்கமும் சீவிச் சதுரமாக்கினார். உருட்டாக விட்டால் குடில், இப்படிச் செதுக்கினால் வீடு. அமெரிக்காவிலும் அந்த வேறுபாட்டைப் பார்க்கிறவர்கள் உண்டு. முதல் கேரட்டின் முனையில் மேற்பக்கத்தை ஓட்டுக்கூரை முகடு மாதிரி இரண்டு பக்கமும் சரித்தார். குறுக்கே வைக்கிற கேரட்டின் அடியில் அந்த முகட்டுக்கு ஏற்ற பள்ளம். வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. மழை பெய்தால் தண்ணீர் முகட்டில் நிற்காமல் இருபுறமும் வடிந்துவிடும். மூலையில் நீர் தேங்கினால்தானே மரம் உளுத்துப்போகும். அடுத்த இரண்டையும் வேறு மாதிரி வெட்டினார்: முனையில் அகலம், கழுத்தில் குறுகல், புறாவின் வால் மாதிரி. அதில் பாதி வால் மட்டும். "இப்ப இழு" என்றார். மகள் இழுத்தாள். வரவில்லை. "மேல எத்தனை கட்டை ஏறுதோ அத்தனைக்கு இறுகும். ஆணி எதுக்கு?"

கென்டக்கி, டென்னசிப் பக்கத்துப் பழைய மரவீடுகளில் அதிகம் தென்படுவது இந்தப் பாதிவால் வெட்டுத்தான். இந்தக் கட்டுமுறை அமெரிக்காவில் பிறந்ததும் அல்ல. 1638-ல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன் நாட்டாரும் ஃபின்லாந்துக்காரர்களும் கொண்டுவந்தது. பின்னால் வந்த ஜெர்மானியர்கள் தங்கள் வழக்கத்தையும் சேர்த்தார்கள். ஆட்கள் சேர்ந்து தூக்க முடிகிற கனமும், அடிக்கும் நுனிக்கும் பருமன் பெரிதாக மாறாத நீளமும்தான் அறையின் அளவைத் தீர்மானித்தன. அதனால்தான் ஊருக்கு ஊர் பதினாறு அடி, பதினெட்டு அடி என்றே வருகிறது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் விரல் நுழைகிற, சில இடத்தில் கையே நுழைகிற சந்து இருக்கும். அதைக் கல்லும் மரச்சில்லும் வைத்து, களிமண் பூசி அடைப்பார்கள். ஆண்டுதோறும் பூச்சு உதிரும், ஆண்டுதோறும் பூச வேண்டும். கூரைப் பலகையை அறுப்பதில்லை. நார் போகிற போக்கில் பிளப்பார்கள். ஏழை வீட்டில் புகைபோக்கிகூடக் குச்சி அடுக்கிக் களிமண் பூசியதுதான். தீப்பிடித்தால் வீட்டை விட்டு அப்பால் தள்ளிவிட வசதியாக அதைச் சற்று வெளியே சாய்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவதும் உண்டு. தரை பெரும்பாலும் மண் தரை. சாணம் மட்டும்தான் இல்லை.

ஆணி இல்லாத வீடு என்பதால் கீழிருந்து மேலே அடுக்கியதை மேலிருந்து கீழே எடுத்துவிடலாம். ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு வண்டியில் ஏற்றினால் வீடு ஊர்வலம் போகும். அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டுக் கட்டைகளை எடுத்துக்கொண்டு போவது, பழைய வீட்டுக் கட்டைகளில் களஞ்சியம் கட்டுவது எல்லாம் அன்றைய அன்றாடம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வெட்டும் தனக்கு மேலும் கீழும் வருகிற கட்டைக்கு மட்டுமே பொருந்தும். நாஷ்வில் கதையைச் சொன்னதும் அப்பா கேட்டது இதைத்தான்: "ரெண்டு வீட்டுக் கட்டையக் கலந்துட்டா வாய் எப்படிப்பா சேரும்? நாங்க வடக்குச் சுவத்துக்கு ஒரு கோடு, கிழக்குக்கு ரெண்டு கோடுன்னு உளியால போட்டுட்டுத்தான் கை வைப்போம்."

வாய் சேராவிட்டாலும் கட்டைகளுக்கு மறுவாழ்வு வந்தது. டென்னட் கடனில் மூழ்கி, 1905-ல் பண்ணை ஏலத்துக்கு வந்தது. பத்திரிகை அதிபர் ராபர்ட் காலியர் 3,600 டாலருக்கு எடுத்தார். மறு ஆண்டு லிங்கன் பண்ணைச் சங்கம் உருவானது. எழுத்தாளர் மார்க் ட்வைன் முதலான பெரிய பெயர்கள் அதில் இருந்தன. நிலவறையில் கிடந்த கட்டைகளை அவர்கள் 1,000 டாலருக்கு வாங்கினார்கள். கொடி போர்த்தி, காவலோடு, ரயிலில் கென்டக்கிக்கு அனுப்பினார்கள். வழியெங்கும் மக்கள் நின்று பார்த்தார்கள். லூயிவில் நகரில் கூட்டி நிறுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். பத்தாண்டுக்கு முன் பொருட்காட்சிச் சரக்காக இருந்தது இப்போது திருமேனி ஆகிவிட்டது. நன்கொடைக்குச் சங்கம் வைத்த விதி எனக்குப் பிடித்தது: 25 சென்ட்டுக்குக் குறையாமல், 25 டாலருக்கு மேற்படாமல். பணக்காரர் ஒருவர் மொத்தமாகக் கொடுத்துப் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்து, மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நம் பள்ளி ஆண்டுவிழா நன்கொடைப் பட்டியலை நினைத்துக்கொண்டேன். வேண்டாம், அது வேறு மடல்.

அந்தப் பணத்தில் எழுந்ததுதான் நீங்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் பார்க்கப்போகிற கட்டடம். வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். பின்னாளில் வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்தவரும் இவர்தான். லிங்கனின் நூற்றாண்டு நாளான 1909 பிப்ரவரி 12 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டினார். 1911 நவம்பரில் அதிபர் டாஃப்ட் திறந்துவைத்தார். குன்றின் மேல், தூண் வரிசையோடு, கிரேக்கக் கோயில் மாதிரி கருங்கல் மண்டபம். ஏற 56 படிகள். லிங்கன் வாழ்ந்த ஆண்டுகள் 56. அவர் 16-ஆவது அதிபர் என்பதால் 16 சாளரங்கள், உள்ளே விதானத்தில் 16 பூக்கள். மண் தரையில் பிறந்தவனுக்குச் சலவைக்கல் மண்டபம். அப்பாவுக்கு முட்டி வலி. முப்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னடா, பிள்ளையார்பட்டிக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். உள்ளே போனதும் ஒன்றும் பேசவில்லை. மண்டபத்தின் நடுவில், மேலேயிருந்து விழுகிற மங்கிய வெளிச்சத்தில், ஒரே கதவும் ஒரே சாளரமுமாக அந்தக் குடில். கர்ப்பக்கிரகத்தில் சாமிக்குப் பதில் ஒரு குடிசை.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மண்டபம் கட்டி முடிந்தபோது, குடிலை அதன் முந்தைய அளவில் உள்ளே வைத்தால் சுற்றிவர ஆட்களுக்கு இடம் போதவில்லை. முதலில் போட்ட திட்டம் இதைவிடப் பெரியது, பணத்துக்காகச் சுருக்கியிருந்தார்கள். என்ன செய்தார்கள்? வீட்டை வெட்டினார்கள். 16 அடிக்கு 18 அடியாக இருந்தது 12-க்கு 17 ஆனது. 288 சதுர அடி 204 ஆகிவிட்டது. பதினாறு அடிக் கட்டையைப் பன்னிரண்டாக்கினால் ஒரு முனையிலாவது பழைய வெட்டு போய்ப் புதிதாக வாய் வெட்டியாக வேண்டும். அதாவது, எந்த மூலைவெட்டைப் பார்த்து ஒரு தச்சன் அந்த வீட்டின் வயதையும் பிறப்பையும் படிப்பானோ, அதையே எடுத்துவிட்டார்கள். படியிறங்கும்போது அப்பா சொன்னது: "சாமிக்குத்தான் கோயில் கட்டுவாங்க. இங்க கோயிலுக்குத் தக்கன சாமியச் செதுக்கிட்டாங்க."

சந்தேகம் தொடக்கத்திலேயே இருந்தது, ஆனால் கொடி போர்த்திய ரயிலின் முன் யாருக்கும் அது கேட்கவில்லை. 1916-ல் அரசு அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. போர்த்துறை வசம் இருந்து, 1933-ல் தேசியப் பூங்காத் துறைக்கு வந்தது. 1948-ல் ராய் ஹேஸ் என்பவர் பத்திரங்கள், வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேராசிரியர் அல்ல. தொழில் காப்பீட்டுப் புலனாய்வு. எரிந்த வீட்டுக்கு உண்மையிலேயே இழப்பீடு உண்டா என்று பார்க்கிற கண்ணோடு இந்த வீட்டைப் பார்த்தார். 1809-க்கும் இந்தக் கட்டைகளுக்கும் இடையில் நம்பத்தக்க சங்கிலி இல்லை என்று காட்டினார். கடைசித் தீர்ப்பை மரமே சொன்னது. 2004-ல் கட்டைகளின் ஆண்டு வளையங்களை ஆய்ந்தார்கள். மரம் நல்ல மழை பெய்த ஆண்டில் தடித்த வளையமும் வறண்ட ஆண்டில் மெல்லிய வளையமும் இடும். அந்தத் தடிப்பு மெலிவு வரிசையை அதே வட்டாரத்து வேறு மரங்களோடு ஒப்பிட்டால் ஆண்டைச் சொல்லிவிடலாம். கிடைத்ததில் மிகப் பழைய கட்டையே 1848-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு லிங்கனுக்கு வயது 39. வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

டேவிஸ் குடிலின் கட்டை ஏதாவது இன்னும் அதற்குள் இருக்கிறதோ என்று நான் நினைத்துச் சிரித்துக்கொள்வதுண்டு.

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்காதா என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். படம் போட்ட அட்டையில் 'லிங்கன் பிறந்த வீடு' என்று படித்திருந்தபோது என் மகள் அந்தக் குடிலை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பரிசுக்கடை எங்கே என்று கேட்டாள். கதை தெரிந்த பிறகு இரண்டாம் முறை போனோம். கயிற்றுக்கு இப்பால் நின்று, எந்தக் கட்டை எதிலிருந்து வந்திருக்கும், எங்கே வெட்டியிருப்பார்கள் என்று முக்கால் மணி நேரம் தாத்தாவோடு வாக்குவாதம் செய்தாள்.

அதனால் என் கோரிக்கைகள் இவை. அறிவிப்பில் அந்த வரியை மாற்றி, "லிங்கன் பிறந்த பண்ணையையும், அவர் நினைவாக வைக்கப்பட்ட பழைய மரக்குடிலையும் காணலாம்" என்று போடுங்கள். நீளம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மண்டபத்தை விட்டு இறங்கியதும் நேராகப் பேருந்துக்குப் போகாமல், படிகளின் அடியில் இருக்கிற சுனைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அந்த இடத்தில் உண்மையிலேயே லிங்கன் குடும்பம் புழங்கியது என்று தயங்காமல் சொல்லக்கூடியது அதுதான். ஈரப்பாறை, கீழே இறங்கும் சில படிகள், சொட்டுகிற தண்ணீர். குழந்தை லிங்கனுக்குப் பால் கொடுத்த தாய் நான்சி குடித்தது அந்தத் தண்ணீர். இன்னொரு சாட்சியும் இருந்தது: நில எல்லைக்கு அடையாளமாக நின்ற ஒரு வெள்ளை ஓக் மரம். லிங்கன் பிறந்தபோது அதற்கு 28 வயது இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1976-ல் அது பட்டுப்போனது. மரம் போய்விட்டது, மண்டபம் இருக்கிறது.

நேரம் இருந்தால் அங்கிருந்து பத்து மைல், நாப் கிரீக்குக்கும் போகலாம். லிங்கனின் நினைவில் இருந்த ஊர் அது. அங்கேயும் ஒரு மரக்குடில் நிற்கிறது. அதுவும் லிங்கனுடையது அல்ல. 1931-ல், அக்கம்பக்கத்தில் வாழ்ந்த காலகர் குடும்பத்தின் குடிலிலிருந்து கட்டைகளைக் கொண்டுவந்து கட்டியது. ஓடையில் விழுந்த சிறுவன் லிங்கனைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் விளையாட்டுத் தோழன் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இடம்பெயர்ந்த இரண்டு வீடுகளையும் ஒரே நாளில் பார்த்தால், இரண்டில் எது நேர்மையானது என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். என் ஓட்டு பக்கத்து வீட்டுக் குடிலுக்கு. கருங்கல்லும் சலவைக்கல்லும் இல்லாமல் புல்வெளியில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது, ஒரு குடில் நிற்க வேண்டிய மாதிரி.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியும் கொடுக்கலாம்: மரக்குடிலில் பிறப்பது எப்போதிலிருந்து பெருமையானது? 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடில் வேட்பாளர் என்று ஊர் ஊராகக் கொண்டாடினார்கள்; அந்த மனிதர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு தோட்ட முதலாளியின் செங்கல் மாளிகையில். குடிசையின் மதிப்பு ஓட்டுக்கு எவ்வளவு என்று அரசியல்வாதிகள் லிங்கனுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். தமிழ்நாட்டுத் தேர்தல் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த பெற்றோர்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே நடத்துவார்கள்.

கூடவே ஒரு சின்ன விண்ணப்பம். பேச்சுப்போட்டிக்குக் கொடுக்கிற பகுதிகளில் 'லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்' ஆண்டுதோறும் இருக்கிறது. நானே எட்டாம் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன். லிங்கனின் கடிதங்கள் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுக்கப்பட்டிருக்கின்றன. இது அவற்றில் இல்லை. கடைசி மகன் டாட், லிங்கன் உயிரோடு இருந்தவரை ஒழுங்காகப் பள்ளிக்குப் போனவனே இல்லை. கருத்து நல்லதாயிற்றே என்பீர்கள். நல்லதுதான். லிங்கன் பெயரை எடுத்துவிட்டு அதே பகுதியைக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

அப்பா மறுபடி ஏப்ரலில் வருகிறார், விசா இருக்கிறது. பேருந்தில் முன் இருக்கை ஒன்று அவருக்குக் கொடுத்தால், போகிற ஒரு மணி நேரத்தில் மூலைவெட்டுகளைப் பிள்ளைகளுக்கு அவரே செய்து காட்டுவார். கேரட் ஐந்து கிலோ நான் வாங்கிவருகிறேன். கத்தி மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். வெட்டி மிஞ்சியதை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம், என் பங்குக்கு எலுமிச்சைச் சோறும் கேரட் பச்சடியும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆறாம் நிலை வகுப்பு மாணவியின் அப்பா